பையர் லைனில் இருக்கும்போது ரேட் சொல்லாதீர்கள்: சிறுதொழில் பணமுடிவுகளுக்கு ஒரு கையேடு

திருப்பூரில் இருபது மெஷின் ஓடும் ஒரு பனியன் கம்பெனி. லைனில் நாலு மெஷின் சும்மா நிற்கிறது. பையரிடமிருந்து, அதாவது சரக்கு வாங்குபவரிடமிருந்து, போன் வருகிறது: "பத்தாயிரம் பீஸ், 138 ரூபாய், இப்பவே சொல்லிடுங்க." அந்த நிமிடத்தில் முதலாளிக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. ஆனால் கண்ணில் படுவது சும்மா நிற்கும் மெஷின், காதில் விழுவது 138. இந்த இரண்டும் சேர்ந்து "சரி" என்று சொல்ல வைத்துவிடும். காஸ்டிங் ஷீட்டை, அதாவது ஒரு பீஸின் அடக்கவிலைக் கணக்கை, திறப்பது அதற்குப் பிறகுதான்.

"உணர்ச்சிவசப்படாமல் முடிவெடுங்கள்" என்ற அறிவுரையால் யாருக்கும் பிரயோஜனமில்லை. பயம், ரோஷம், முகதாட்சண்யம் எல்லாம் வரத்தான் செய்யும். அவை வராத ஒரு நேரத்தில் முடிவின் பெரும்பகுதியை முன்கூட்டியே எடுத்து எழுதி வைத்துவிடலாம். இந்தக் கையேடு அதற்கான வழிமுறைதான். இதில் வரும் ரூபாய்க் கணக்குகள் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் எண்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: உங்கள் மாதச் செலவு எவ்வளவு

ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் போகிற பணத்தைக் கூட்டுங்கள். வாடகை 35,000, மாதச் சம்பளக்காரர்கள் 1,40,000, கரண்ட் குறைந்தபட்சம் 30,000, மெஷின் லோன் தவணை 62,000, ஓடி (வங்கி ஓவர்டிராஃப்ட்) வட்டி 25,000, கணக்கு வழக்குக்கு 8,000. மொத்தம் 3,00,000. முதலாளி தனக்குச் சம்பளம் போட்டுக்கொள்ளாவிட்டால் இந்த எண் பொய். வீட்டுச் செலவு கம்பெனிக் கல்லாவிலிருந்து அவ்வப்போது போகிறதென்றால், முதலில் மாதம் ஒரு தொகையை நிர்ணயித்து இதில் சேருங்கள்.

இந்த எண்ணிலிருந்து மூன்று வரம்புகள் பிறக்கின்றன. ஒரு வாரச் செலவுக்கு மேல், அதாவது சுமார் 70,000 ரூபாயைத் தாண்டும் எந்த முடிவும் ஓர் இரவு தாண்ட வேண்டும். ஒரு மாதச் செலவைத் தாண்டினால் இரண்டு இரவு. கூடவே, அந்த முடிவால் லாபம் பார்க்காத இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மெஷின் விற்கும் ஏஜென்ட் அந்த ஆள் இல்லை, கமிஷன் வாங்கும் நண்பரும் இல்லை. வீட்டில் சொல்லத் தயக்கமாக இருக்கிறதென்றால் அந்தத் தயக்கத்தையும் ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, இரண்டு மாதச் செலவான 6 லட்சத்துக்குக் கீழே கையிருப்பு (ஓடியில் மிச்சமிருக்கும் லிமிட்டையும் சேர்த்து) இறங்கினால் புது முதலீட்டுப் பேச்சே கிடையாது.

முடிவு நோட்டு

பேரேடு அளவில் ஒரு நோட்டு போதும். வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு முடிவுக்கும் ஆறு வரி: (1) தேதி; (2) என்ன முடிவு, எவ்வளவு தொகை; (3) இப்போது மனசில் என்ன (ஒரே சொல்லில்: பயம், கோபம், உற்சாகம், கூச்சம், களைப்பு); (4) என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், எண்ணோடு; (5) எது நடந்தால் விலகுவேன்; (6) திரும்பப் பார்க்கும் தேதி.

நாலாவது வரியில் "நல்லா போகும்" என்று எழுதினால் நோட்டு வீண். "ஜனவரிக்குள் மாதம் 12,000 பீஸ்" என்று இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. நடந்து முடிந்ததைப் பார்த்த பிறகு, "எனக்கு அப்பவே தெரியும்" என்று நினைவு தானாகவே திருத்திக்கொள்ளும். உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975லேயே இதைச் சோதனை வைத்துக் காட்டினார். எழுதிய எண் மட்டும் திருத்திக்கொள்ளாது.

மூன்றாவது வரியைப் பலர் விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள். உளவியலாளர்கள் ஜெனிஃபர் லெர்னரும் டாகர் கெல்ட்னரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பயத்தில் இருப்பவர்கள் ஆபத்தைப் பெரிதாகவும், கோபத்தில் இருப்பவர்கள் சிறிதாகவும் மதிப்பிட்டார்கள். பயம் நம்மைத் தயங்க வைப்பது நமக்கே தெரியும். கோபம் அப்படியில்லை, துணிச்சல் மாதிரி வேஷம் போட்டு வரும். பக்கத்துக் கம்பெனிக்காரர் நம் பையரைத் தட்டிக்கொண்டு போன மறுநாள் போடும் அடிமட்ட ரேட் இந்த ரகம். நோட்டில் "கோபம்" என்று எழுத நேர்ந்தால் அன்றைக்குக் கொட்டேஷன் அனுப்பக் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரேட் பேசுவதற்கு முன்: இரண்டு எண்கள்

முதலில் காதில் விழும் எண் நங்கூரம் மாதிரி. நாம் அதைச் சுற்றியேதான் நகர்வோம். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வர்ஸ்கியும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுற்றினார்கள். அது 10 அல்லது 65இல் நிற்கும்படி செய்திருந்தார்கள். பிறகு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்கள் சொன்ன நடுமதிப்பு 25, 65ஐப் பார்த்தவர்கள் சொன்னது 45. சம்பந்தமே இல்லாத சக்கரத்துக்கே இந்த இழுப்பு என்றால், பையரின் "டார்கெட் பிரைஸ்" எவ்வளவு இழுக்கும்!

அதனால் பையர் வாய் திறப்பதற்கு முன் இரண்டு எண்கள் எழுதி இருக்க வேண்டும். ஒரு டி-ஷர்ட்டுக்கு: துணி 200 கிராம், கிலோ 420 ரூபாய் என்றால் 84. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் 32. பிரிண்ட் 10. லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி 7. வண்டி 2. ரிஜெக்‌ஷனுக்கு 4. இதுவரை 139. இது தரை. இதற்குக் கீழே ஒவ்வொரு பீஸும் கைக்காசு போகும். வாடகை, சம்பளத்தின் பங்கு 9 சேர்த்தால் 148. இது முழு அடக்கம். லாபம் இதற்கு மேல்தான்.

இப்போது 138ஐத் திரும்பப் பாருங்கள். "பத்து ரூபாதானே கம்மி, மெஷின் ஓடினா போதும்" என்று தோன்றியது. உண்மையில் மெஷின் ஓடினால் பீஸுக்கு ஒரு ரூபாய் நஷ்டம், நின்றால் அந்த நஷ்டமும் இல்லை. 142 என்று வந்தால் யோசிக்கலாம்: தரைக்கு மேலே 3 ரூபாய், பத்தாயிரம் பீஸுக்கு 30,000 ரூபாய் வாடகையின் பக்கம் சேரும். ஆனால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். அந்த நாட்களில் வேறு ஆர்டர் நிஜமாகவே இருக்கக் கூடாது. பணம் 30 நாளுக்குள் வர வேண்டும். தரைக்கும் முழு அடக்கத்துக்கும் நடுவிலுள்ள ரேட்டில் தொடர்ந்து மூன்றாவது ஆர்டரை எடுக்காதீர்கள், அதற்குள் பையருக்கு அதுவே உங்கள் ரேட் ஆகியிருக்கும். போனில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "நாலு மணிக்குள்ள ஷீட் பார்த்துட்டுச் சொல்றேங்க." நாலு மணி வரை காத்திருக்க மாட்டேன் என்கிற பையர், 45 நாள் கழித்துப் பணம் கேட்கும்போது எப்படி இருப்பார் என்பதையும் அதில் தெரிந்துகொள்ளலாம்.

நூல் ஏறுகிறது என்றால்

2022 மே மாதவாக்கில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. "இன்னும் ஏறும், இப்பவே வாங்கிப் போடு" என்ற பேச்சுதான் சந்தையில். அந்த ஆண்டு முடிவதற்குள் விலை நன்றாகவே இறங்கிவிட்டது. உச்சத்தில் வாங்கிக் குவித்த நூல் குடோனில் இருக்க, பையர் புது விலைக்கு ரேட் கேட்டார்.

எல்லோரும் ஓடும்போது நாமும் ஓடுவது இயல்பு. சமீபத்தில் நடந்ததே தொடரும் என்று நினைப்பதும் இயல்பு. இதற்கு விதி எளிது: கையில் உறுதியான ஆர்டர் இருக்கும் அளவுக்கு மட்டும் நூல். ஆர்டர் உறுதியான அன்றே நூலையும் புக் செய்துவிட்டால், ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் தையல் கூலியும் லாபமும் நிற்கும். அதற்கு மேல் வாங்குவது நூல் வியாபாரம். அதைச் செய்ய ஆசையென்றால் தனித் தொகை, தனிக் கணக்கு வைத்துச் செய்யுங்கள்.

பாக்கி வசூல்: அதிகம் போவது இங்கேதான்

சிறுதொழிலில் தவறான முதலீட்டால் போகும் பணத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். முகதாட்சண்யத்தால் போகும் பணத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. சொந்தப் பணத்தைக் கேட்பது கடன் கேட்பது போலக் கூசுகிறது. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் அந்தக் கூச்சம் உடனே நீங்குகிறது, செலவோ கண்ணுக்குத் தெரியாமல் ஏறுகிறது.

அதைக் கண்ணுக்குத் தெரிய வையுங்கள். 5 லட்சம் ரூபாய் பில், 120 நாள் தாமதம், ஓடி வட்டி 12 சதவீதம் என்றால் 19,726 ரூபாய். அந்த பில்லில் உங்கள் லாபம் 6 சதவீதம், அதாவது 30,000. மூன்றில் இரண்டு பங்கு போயே போயிற்று. சுருக்கமாக நினைவில் வைக்க: ஒரு மாதத் தாமதத்துக்கு பில்லில் ஒரு சதவீதம். இதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு: மாதந்தோறும் ரிட்டர்ன் போடுபவர் என்றால், பையர் பணம் தந்தாரோ இல்லையோ, பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் நீங்கள் கட்டியாக வேண்டும்.

கூச்சத்தைத் தைரியத்தால் வெல்ல முயலாதீர்கள். வேலையை வேறு கைக்கு மாற்றி, தேதியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். கெடுவுக்கு ஐந்து நாள் முன்பு கணக்கர் வாட்ஸ்அப்பில் பில் எண், தொகை, வங்கி விவரம் அனுப்புவார். கெடு நாளில் ஒரு செய்தி. ஏழாவது நாள் கணக்கரே போன் செய்து ஒரு தேதி வாங்கி, அதை எழுத்தில் உறுதி செய்துகொள்வார். பதினைந்தாவது நாள் அடுத்த டெஸ்பாட்ச் நிற்கும். முதலாளி நடுவில் பேசினால் "உங்க ஆளு ரொம்ப நெருக்கறாருங்க" என்பார்கள். "கணக்கு அவர் பொறுப்புங்க, நான் தலையிடறதில்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். உறவு கெடாமல் வசூல் நடக்க இந்தப் பிரிவினை பெரிய உதவி.

சட்டமும் பக்கத்தில் நிற்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்துவதற்கும் கூச்சம்தான் தடை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு வாங்குபவர் தர வேண்டிய கெடு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவும் 2023-24 நிதியாண்டிலிருந்து சேர்ந்துகொண்டது: கெடு தாண்டிய பாக்கியை, உண்மையில் கட்டிய ஆண்டில்தான் வாங்குபவர் செலவாகக் காட்ட முடியும். பில்லிலேயே உத்யம் எண்ணையும் (அரசிடம் பெற்ற சிறுதொழில் பதிவு எண்) 45 நாள் கெடுவையும் அச்சிடுங்கள். அது சண்டையாகத் தெரியாது. பையரின் ஆடிட்டர் பார்த்தால் போதும், மார்ச்சில் அவரே நினைவூட்டுவார்.

இனி, மிக மோசமான பொறி. "இன்னும் ஒரு லோடு அனுப்புங்க, ரெண்டையும் சேர்த்து செட்டில் பண்ணிடறேன்." 4 லட்சம் மாட்டியிருக்கிறது. அனுப்பாவிட்டால் அதுவும் போய்விடுமோ என்ற பயத்தில் இன்னொரு 3 லட்சம் சரக்கு போகும். பழைய பாக்கி எப்படியும் நேற்றே போன பணம், இன்றைய கேள்வி ஒன்றுதான்: இந்த ஆளுக்கு இன்று புதிதாக 3 லட்சம் கடன் கொடுப்பீர்களா? இதற்கான பதிலை அன்றைக்கு யோசிக்க வேண்டாம். ஒவ்வொரு பையருக்கும் ஒரு உச்சவரம்பு இப்போதே எழுதுங்கள். எந்த ஒரு பையரிடமும் இரண்டு மாதச் செலவுக்கு மேல், நம் உதாரணத்தில் 6 லட்சத்துக்கு மேல், பாக்கி நிற்கக் கூடாது. கெடு தாண்டிய பில் இருக்கும்போது வைக்க வேண்டிய நிபந்தனை: பழையதில் பாதி வங்கிக்கு வந்த பிறகு புது லோடு, அதுவும் முன்பணத்தில்.

கடன்: தொகையைப் பார்க்காதீர்கள், ஆண்டு வட்டியைப் பாருங்கள்

நூறு நாள் தண்டல். ஒரு லட்சம் என்று பேச்சு, கையில் 90,000, தினம் 1,000 வீதம் நூறு நாள். "பத்து பர்சன்ட்தான்" என்று மனசு கணக்கு முடித்துவிடும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் குறைந்துகொண்டு வருவதால், நூறு நாளும் முழுப் பணம் உங்களிடம் இருப்பதில்லை. எக்செல்லில் RATE என்ற வட்டிச் சூத்திரத்தில் 100 தவணை, தவணைக்கு 1,000, கைக்கு வந்தது 90,000 என்று போட்டு 365ஆல் பெருக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 77 சதவீதத்துக்கு மேல் வரும். ஏலச்சீட்டைத் தள்ளி எடுக்கும்போதும் இதே முறையில், கைக்கு வந்த தொகையையும் இனி கட்டவேண்டிய தவணைகளையும் வைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நூல் கடைக்காரர் 30 நாள் கடனுக்குப் பதில் ரொக்கத்துக்கு 2 சதவீதம் தள்ளுபடி தருகிறார். "ஓடியில் கை வைக்க வேண்டாம்" என்று விட்டுவிடுகிறார்கள். 98 ரூபாய்க்கு 30 நாளில் 2 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24.8 சதவீதம், 12 சதவீத ஓடியில் எடுத்துக் கட்டினாலும் பாதி லாபம். பணத்துக்குப் பெயர் வைத்து, "இது தொடக் கூடாத பணம்", "இது சும்மா வந்த பணம்" என்று பிரிப்பதை ரிச்சர்ட் தேலர் மனக்கணக்கு என்று ஆராய்ந்தார். அவருக்கு 2017இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

இந்தப் பழக்கத்தை ஒழிக்க வேண்டியதில்லை, வேலை வாங்கலாம். பில் பணம் வந்த அன்றே ஜி.எஸ்.டி. பங்கைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். தீபாவளி போனஸுக்கும் மாதம் பன்னிரண்டில் ஒரு பங்கை அப்படியே. வேறு கணக்கில் இருக்கும் பணத்தை மனசு தன்னுடையதாக எண்ணுவதில்லை.

மூட வேண்டியதை மூடுவது

ஒரு முதலாளி சொந்த பிராண்டில் கடை திறக்கிறார். இதுவரை 14 லட்சம் போட்டாயிற்று. வாடகை 30,000, ஆட்கள் 32,000, கரண்ட் முதலியவை 13,000, மாதம் 75,000. விற்பனை ஒரு லட்சம், அதில் 30 சதவீத வரவு 30,000. மாதம் 45,000 ஓட்டை. "பதினாலு லட்சம் போட்டுட்டேன், இப்ப எப்படி விடறது?"

14 லட்சத்தை ஒரு தாளால் மூடிவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதுங்கள். இன்று மூடினால் அட்வான்ஸும் ரேக், ஏசி, சரக்கு விற்றதும் சேர்த்து 4 லட்சம் கைக்கு வரும் என்று வையுங்கள். இதே நிலையில் ஓராண்டு ஓட்டினால் 5.4 லட்சம் போகும், அப்போது மூடினால் பொருட்களின் மதிப்பு இறங்கி 3 லட்சம்தான் வரும். ஆக, ஓராண்டுக் காத்திருப்பின் விலை 6.4 லட்சம். சரிக்குச் சரி வர விற்பனை 2.5 லட்சம் ஆக வேண்டும், அதாவது இரண்டரை மடங்கு. அதற்கு உங்களிடம் இருக்கும் திட்டம் என்ன? திட்டம் இருந்தால் விலகும் கோட்டையும் கூடவே எழுதுங்கள்: "ஜூன் 30க்குள் தொடர்ந்து இரண்டு மாதம் 1.75 லட்சம் தொடாவிட்டால் ஜூலையில் கடையைக் காலி செய்கிறேன் என்று நோட்டீஸ்." இந்த வரியை வீட்டில் ஒருவரிடமும் கணக்கரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள், ஜூன் 30 அன்று அதை மாற்றி எழுத உங்களுக்கு நூறு காரணம் தோன்றும்.

கானமனும் ட்வர்ஸ்கியும் 1979இல் விளக்கியது இதற்கு அடியில் இருக்கிறது. இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் சந்தோஷத்தைவிடப் பெரிது. 1992இல் அவர்கள் கணித்தபடி சுமார் இரண்டேகால் மடங்கு. அதனால், நிச்சயமான சிறு நஷ்டத்தை ஏற்பதைவிடப் பெரிய சூதாட்டத்துக்கு மனசு தயாராகிறது. நம் ஊரில் இதை "தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கம்பெனி நஷ்டத்தைப் பங்குச்சந்தை ஆப்ஷனில் மீட்கலாம் என்று ஓடிப் பணத்தை எடுப்பவர்களும் இந்தப் பாதையில்தான் போகிறார்கள். 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில்) ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாக, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

விலகும் கோட்டை எழுதவே கை வராதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1985இல் இன்டெல் நிறுவனம் மெமரி சிப் தொழிலில் மாட்டிக்கொண்டு திணறியபோது, அதன் நிர்வாகி ஆண்டி குரோவ் தன் தலைவர் கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மைத் துரத்திவிட்டுப் புது ஆளைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டுவிடுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து அதைச் செய்யலாமே என்றார் குரோவ். உங்கள் கடையை நாளை உங்கள் மைத்துனர் பொறுப்பேற்றால் முதல் வாரத்தில் என்ன செய்வார் என்று கேட்டுப் பாருங்கள். "ஊர் என்ன சொல்லும்" என்பதும் நிஜமான ஒரு செலவுதான், அதையும் எழுதுங்கள். எதிரே விலையையும் எழுதுங்கள்: ஊர் வாயை அடைக்க மாதம் 45,000 ரூபாய்.

நல்ல சீசனுக்குப் பிறகு

ஒரு சீசன் நன்றாகப் போனதும் பத்து மெஷின் கூடப் போட ஆசை வரும். அமெரிக்காவில் 2,994 தொழில்முனைவோரிடம் கேட்டு கூப்பர், வூ, டங்கல்பெர்க் 1988இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் தொழில் வெல்ல பத்துக்கு ஏழு அல்லது அதற்கு மேல் வாய்ப்பு என்றவர்கள் 81 சதவீதம். மூன்றில் ஒருவர் பத்துக்குப் பத்து என்றார். தங்களைப் போன்ற மற்றவர்களின் தொழிலைப் பற்றிக் கேட்டபோது இவ்வளவு தாராளம் இல்லை.

விரிவாக்கிய ஐந்து கம்பெனிகளில் விசாரியுங்கள்: புது மெஷின்கள் முழு லோடுக்கு வர எத்தனை மாதம், பட்ஜெட்டுக்கு மேல் எவ்வளவு போயிற்று. ஆனால் ஓடிக்கொண்டிருப்பவர்கள் மட்டும்தான் உங்கள் கண்ணில் படுவார்கள். மூடியவர்கள் விற்ற மெஷின்கள் பழைய மெஷின் கடையில் நிற்கின்றன. அங்கே போய், எத்தனை வயசு மெஷின், ஏன் வந்தது என்று கேட்டால் மிச்சக் கதை கிடைக்கும்.

பிறகு உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் எழுதிய ஒரு பயிற்சியை இருபது நிமிடம் செய்யுங்கள். சூப்பர்வைசர், கணக்கர், கட்டிங் மாஸ்டர் உட்காரட்டும். "ஒரு வருஷம் ஆயிடுச்சு, இந்த விரிவாக்கம் படுதோல்வி. ஏன்னு எழுதுங்க" என்று சொல்லுங்கள். முதலாளி கடைசியாக வாசிக்க வேண்டும். முதலில் வாசித்தால் மற்றவர்கள் தங்கள் தாளை மடித்துவிடுவார்கள். "டைலர் கிடைக்கல", "ரெண்டு பையரும் ஒரே நேரத்துல பணம் நிறுத்திட்டாங்க" என்று வருவது ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகையும் தேதியும் போட்டு, முடிவு நோட்டில் ஐந்தாவது வரிக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.

ஏப்ரல் முதல் வாரம், கணக்கை ஆடிட்டரிடம் கொடுப்பதற்கு முன், நோட்டின் பன்னிரண்டு மாதத்தையும் ஒரே அமர்வில் படியுங்கள். எதிர்பார்த்த எண்ணுக்குப் பக்கத்தில் நடந்த எண்ணைச் சிவப்பில் எழுதுங்கள். நஷ்டமான முடிவுகளின் மூன்றாவது வரியை மட்டும் தனியாக எண்ணிப் பாருங்கள். அங்கே ஒரே சொல் மூன்று தடவை வந்திருந்தால், அடுத்த ஆண்டு அந்த மனநிலையில் எடுக்கும் முடிவுகளுக்கு உங்கள் வரம்பைப் பாதியாக்கிவிடுங்கள்: 70,000 என்பது 35,000.